புழுங்கல் கலந்த நொய்

"உனக்குக் கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

உத்திரமேரூர் ரைஸ்மில் முதலாளி பஞ்சாட்சரம் போட்ட சத்தத்தில், கல் பொறுக்கிக்கொண்டிருந்த கல்பனாவுக்கே கை நின்றுவிட்டது. திட்டு வாங்கியவர் சல்லடை மெஷின் பார்க்கும் ஞானதாஸ். இருபது வருஷமாக அங்கேயே கிடக்கிற மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நொய் வாங்க வந்த பீர் கம்பெனி ஆள், மூட்டையில் குத்தூசியைச் செருகி எடுத்த நொய்யை உள்ளங்கையில் பரப்பிக் காட்டினார்.

"பார்லியத்தான் சார் முளைகட்டிக் காய வைப்போம். நொய்ய முளைகட்டாம அப்படியே வேகவச்சு அதோட சேர்ப்போம். அதுக்குப் பச்சரிசி நொய்தான் வேணும். இந்தப் பத்து மூட்டையில புழுங்கல் கலந்திருக்கு. வேணாம்."

மற்ற மூட்டைகளோடு லாரி கிளம்பியது.

"இன்னொரு வாட்டி இப்டி ஆச்சு, வூட்டுக்குப் போய்க்கினே இரு" என்று ஞானதாஸிடம் கத்திவிட்டு முதலாளி ஆபீசுக்குள் போனார்.

கல்பனாவுக்கு வயிறு எரிந்தது. அவள் மாமனாருக்குத் தொண்டையில் ஆபரேஷன். நொய்க்கஞ்சி தவிர வேறெதுவும் இறங்கவில்லை. போன வாரம் ஒரு படி நொய் கேட்டபோது, "மொத்தமும் கம்பெனிக்குன்னு எழுதிக் குடுத்துட்டேம்மா, அவங்க கழிச்சாத்தான் நம்முது" என்று கையை விரித்தவர் இந்த முதலாளி. குடிக்கிறவன் மேல் இருக்கிற அக்கறை கஞ்சிக்குத் தவிக்கிறவன் மேல் இல்லையே.

சாயங்காலம், கழித்த பத்து மூட்டைகளையும் மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் பத்துப் பேருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். கல்பனாவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஞானதாஸண்ணன் குனிந்து நின்றது மனசைப் பிசைந்தது. அவர் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது. தெரியாமல் புழுங்கலைக் கொட்டியது நான்தான் என்று பழியை ஏற்றுக்கொள்வோம், ஆனது ஆகட்டும் என்று ஆபீஸ் பக்கம் போனாள்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே முதலாளி தன் டீயில் பாதியை ஞானதாஸுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ரொம்பத் திட்டிட்டனா தாசு?"

"அட இன்னா மொதலாளி. அப்டித் திட்டினாத்தான அந்தாளு நம்புவாரு."

"சரி, அடுத்த லோடுல பன்னெண்டு மூட்டையா கலந்துடு. நாளைக்கு ரெண்டு பொம்பளைங்க புதுசா வேலைக்கு வர்றாங்க."