பீரோவில் பூட்டிய பல்செட்டு

"எங்க நைனா பல்செட்ட எங்கடி வெச்சிகீற?"

பிலோமி போட்ட சத்தத்துல, தண்ணி லாரிகிட்ட நின்ன கும்பல் குடத்த வுட்டுட்டு எங்க சந்துக்குள்ள ஓடியாந்துச்சு. எண்ணூர்லேர்ந்து அவளுக்குப் போன் போட்டு ராயபுரத்துக்கு வரவழைச்சதே நான்தான். பக்கத்து வூட்டு செல்லம்மா. கண்ணால பாத்துகினு சும்மா இருக்க முடியுமா, சொல்லுங்க?

பிலோமியோட அப்பா இக்னேஷியஸ், ஹார்பர்ல சரக்கு தூக்கற வின்ச் மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. வருசா வருசம் அந்தோணியார் திருவிழாவுல, டிக்கெட்டுல நம்பர் அடிக்கற ஹவுசி ஆட்டத்துக்கு நம்பர் கூப்புடறது அவருதான். "ரெண்டு பூசணிக்கா, எம்பத்தெட்டு!"ன்னு மைக்ல கொரல் குடுத்தாருன்னா, டிக்கெட் வாங்காதவனும் வந்து நிப்பான்.

அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு வருசமா சரியா வாயத் தொறந்து பேசறதில்ல. சோறு வெச்சா தட்டைத் தள்ளிடறாரு. முப்பது வருசப் பழக்கம், என்னையே பாத்து "யாரு?"ங்கறாரு. மறதி வியாதின்னு சந்தே முடிவு கட்டிடுச்சு. திருவிழா கமிட்டி மைக்கைத் தூக்கி கமிட்டிப் பையன் பிராங்கிளின் கையில குடுத்துடுச்சு.

மவன் சாலமன் கப்பல் வேலைக்குப் போயிட்டான். பாத்துக்கறது மருமவ டெபோரா. பாத்துக்கற லட்சணம் இன்னா தெரியுமா? ரெண்டு மாசமா அவரு பல்செட்ட பீரோவுல வெச்சிப் பூட்டிட்டா. மூணு வேளையும் கஞ்சி. காலையிலயும் சாயங்காலமும் கதவை சாத்திகினு இன்னாவோ பண்றா. உள்ளேர்ந்து "ஆ... எரியுதும்மா, வுடும்மா"ன்னு கத்தறாரு. கேக்கற நமக்கு வயிறு எரியாதா?

"'ராத்திரியில உசுரு போனாலும் பல்லோடதான் போவணும், நாலு ஜனம் வந்து மூஞ்ச பாக்கும்போது பொக்கை வாயோட சவப்பொட்டியில படுக்க மாட்டேன்'னு தூங்கறப்பகூட செட்டக் கழட்டாத மனுசன்டி! அவருகிட்ட போயி..." பிலோமிக்கு அழுகை வந்துடுச்சு.

"இல்ல அண்ணி, அது இன்னான்னா..."

டெபோரா ஆரம்பிக்கசொல்லவே, சேர்ல ஒக்காந்திருந்த இக்னேஷியஸ் அவ கையை எட்டிப் புடிச்சாரு. அவ டக்குனு வாயை மூடிகினா.

"பாரு பிலோமி, எப்டி பயந்துகீறாருன்னு!" நான்தான் எடுத்துக் குடுத்தேன்.

"திருவிழா வரைக்கும் டைம் குடுங்க அண்ணி. அப்பறம் நீங்க கூட்டிகினு போனா நான் தடுக்க மாட்டேன்."

"இன்னும் பத்து நாளு. அன்னிக்கு ஆட்டோவோட வரேன்."

அந்தப் பத்து நாளும் டெபோராகிட்ட ஒருத்தரும் பேசல. லாரி வந்தா அவ குடத்தைக் கடைசிக்குத் தள்ளினது நான்தான். ராட்சசின்னு பேரு வெச்சதும் நான்தான்.

திருவிழா அன்னிக்கு சாயங்காலப் பூசை முடிஞ்சி, ஸ்கூல் கிரவுண்டுல ஹவுசி ஆரம்பிச்சது. பிராங்கிளின் தூங்கி வழிஞ்சிகினே நம்பர் கூப்ட்டான். கேட்டுல பிலோமியோட ஆட்டோ ரெடியா நின்னுச்சு.

"ஒம்பது..."

"டேய் பிராங்கிளின்! தலகீழாப் புடிச்சிகீற, அது ஆறுடா. கோடு அடியில வரணும்!"

எல்லாரும் திரும்பினோம். வெள்ளைச் சட்டை, வாய் நெறைய பல்லு, டெபோரா கையைப் புடிச்சிகினு இக்னேஷியஸ்! நேரா மேடையேறி மைக்கை வாங்கினாரு.

"செல்லம்மா, ஒன் பேத்திகிட்ட டிக்கெட்டக் குடுக்காத, கிழிச்சிடும். ரெண்டு பூசணிக்கா... எம்பத்தெட்டு!"

என்னா விசிலு! என்னா கைத்தட்டு! என் பேரு அவரு வாயில வந்துடுச்சே!

பிலோமி மேடைக்கே ஓடினா. "நைனா! எப்டி நைனா?"

"இரு, எல்லாருக்கும் சேத்தே சொல்லிடறேன்." மைக்கை விடல அவரு. "எட்டு வருசமா பல்செட்டக் கழட்டாமத் தூங்கினேன். உள்ள ஈறு பூரா புண்ணு. மெல்ல முடியல, தூங்க முடியல. என் வாய் நாத்தம் எனக்கே தாங்கல. அந்த வெக்கத்துல பேசறதையே நிறுத்திட்டேன். துன்னாம, தூங்காம, நாலு பேரோட பேசாமக் கெடந்தா மூளை இன்னாத்துக்கு ஆவும்? மந்தமாயிடுச்சு."

மைக்கை இன்னும் கிட்டக்க புடிச்சாரு அவரு.

"எல்லாரும் மறதின்னீங்க. இவ ஒருத்திதான் வாயத் தொறந்து பாத்தா. பல் டாக்டரம்மா, புண்ணு ஆறி புது செட்டு வர வரைக்கும் பழச கண்ணுலயே காட்டாதன்னாங்க. அதான் பீரோவுல பூட்டினா. தெனம் ரெண்டு வேளை என் வாயைக் கழுவி மருந்து வெச்சா. புண்ணு ஆறி, இன்னிக்குதான் புது செட்டு வந்துச்சு. எல்லா மறதியும் இப்டிப் போவாதாம். என்னுது போச்சு."

"இத சொல்றதுக்கு இன்னா கேடு இவளுக்கு?" பிலோமி அழுதுகினே கேட்டா.

"நான்தான் சொல்லக் கூடாதுன்னு அந்தோணியார் மேல சத்தியம் வாங்கினேன். என் மானம் போயிடும்னு. நீங்க ராட்சசின்னீங்க. அப்பவும் அவ வாயத் தொறக்கல."

எனக்கு மண்ணுக்குள்ள பூந்துக்கலாம் போல இருந்துச்சு.

இக்னேஷியஸ் மருமவளைப் பக்கத்துல இழுத்து நிக்க வெச்சாரு. அப்பறம் வாயில கைய வுட்டு, அத்தினி ஜனத்துக்கும் முன்னால, பல்செட்டைக் கழட்டி ஒசரத் தூக்கிக் காட்டினாரு.

பொக்கை வாய் மொத்தமும் சிரிப்பு. பாதி வார்த்தை காத்தாப் போச்சு, ஆனா கேட்டாண்ட நின்ன ஆட்டோக்காரனுக்குக்கூட வெளங்குச்சு:

"பொட்டியில வந்து பாக்க வேண்டியத இப்பவே பாத்துக்கங்க! என் மருமவ மானத்தவிட இது பெருசு இல்ல!"