செலின் திராட்சை

யுத்தத்தில் கப்பல் நின்றுபோய், மொரப்பூர் ஸ்டேஷனில் பூசை ஒயின் பெட்டி இறங்கி ஆறு மாதமாயிற்று. ஊருக்குப் புதிதாக வந்த சாமியார், சவேரியம்மாள் கொண்டுவந்த திராட்சையில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"என்னா இனிப்பு! இனி பூசைக்கு இதையே பிழிஞ்சு ஒயின் வச்சிடலாம். நீயும் ஒன்னு சாப்பிடும்மா."

"நான் தொடறதில்லீங்க சாமி."

"பழத்துக்கு என்ன பேரு? கோயில் புத்தகத்துல எழுதி வைக்கணும்."

அந்தப் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"செலினுங்க."

"அட, சீமைப் பேரு! யாரு வச்சது?"

"நான்தானுங்க."

சாமியார் சிரித்தபடி எழுதினார். பக்கத்தில் நின்ற உபதேசியார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"எழுதிட்டீங்களா சாமி?"

"எழுதியாச்சு. இனி யாரும் அழிக்க முடியாது."

ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளையின் பெயர் இந்தப் புத்தகத்தில் ஏறாது, உடலும் கல்லறைத் தோட்டத்துக்குள் வராது என்று ஏழு வருஷத்துக்கு முன் பழைய சாமியார் சொல்லிவிட்டார். வேலிக்கு வெளியே தானே குழி தோண்டி மகள் செலினைப் புதைத்த சவேரியம்மாள், அடையாளத்துக்கு அந்த மண்மேல்தான் ஒரு திராட்சைக் குச்சியை நட்டுவைத்தாள்.