ஆறு வருடப் பேட்டரி

"இந்தக் கருவி கார் பேட்டரிக்குள்ள படிஞ்ச உப்பையெல்லாம் கரைச்சிடும். ஆறு வருஷப் பேட்டரி, இன்னும் ஆறு வருஷம் ஓடும். புதுசு வாங்கற பேச்சே எடுக்காதே" என்று இரண்டு மாதமாகக் கணவர் மார்தட்டிக்கொண்டிருந்தார்.

மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கார் நின்று தொலைத்தால்? அவர் மதியம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, மனைவி காரை மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனாள்.

"புது பேட்டரி போட்டுடுங்க தம்பி. பழசுல இருக்கற லேபிளை உரிச்சு இதுல ஒட்டிடுங்க. கருவியும் இருந்த இடத்துலயே இருக்கட்டும். தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு."

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"வேண்டாங்க்கா. நல்ல பேட்டரிதான்."

"லேபிள்ல தேதியைப் பாருங்க. ஆறு வருஷம் ஆச்சு."

"லேபிளுக்குத்தான் ஆறு வருஷம். பேட்டரிக்கு ஒரு மாசம். சாரும் இப்படித்தான் உரிச்சு ஒட்டச் சொன்னாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாரு."

மாலையில் கணவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் இன்ஜின் உறுமியது. "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். எங்கண்ணன் கார் பேட்டரியும் செத்துப்போச்சாம். நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். அந்தக் கருவியை வெச்சு நீங்களே சரிபண்ணிக் குடுத்துடுங்க."