ஞாயிற்றுக்கிழமை நண்பர்

"அவர் வந்ததும் நேரா உள்ளே அனுப்பு. காபி கீபின்னு நிறுத்தி வெச்சுப் பேசிக்கிட்டு இருக்காதே" என்று காலையிலிருந்து மகளைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார் ஆடிட்டர்.

பக்கவாதம் வந்து படுத்த புதிதில் வீடு கொள்ளாத கூட்டம். அப்புறம் ஈ காக்காய் இல்லை. ஞாயிறு தவறாமல் வந்தவர் ஒரே ஒருவர், பழைய புத்தகக் கடைக்காரர்.

வாழ்நாளெல்லாம் அடுத்தவன் கணக்கைச் சந்தேகப்பட்டே பிழைத்த ஆடிட்டர், கண்ணை மூடிக்கொண்டு நம்பிய மனிதர் அவர். ஓர் அச்சகத்தை ஒட்டி, மாடிப்படிக்கு அடியில் எலிப்பொறி மாதிரி ஒரு கடை. புது மூட்டை வந்தால் ஆடிட்டர் வரும்வரை பிரிக்கவே மாட்டார். "சார் பார்த்த பிறகுதான் மத்தவங்களுக்கு" என்பார்.

அப்படிப் பொறுக்கிச் சேர்த்த புத்தகங்கள்தான் இப்போது கூடத்துச் சுவர் முழுக்க. கடைக்காரர் வந்தால் முதலில் தம் துண்டாலேயே அவற்றைத் தூசி தட்டுவார். பாச்சை உருண்டை மாற்றிவிட்டுத்தான் கட்டிலருகே வருவார். பெற்ற பெண்ணுக்குக்கூட இந்த அக்கறை இல்லையே என்று ஆடிட்டருக்குக் கண் கலங்கும்.

மகள் வேலைக்குப் போன நேரங்களில், யாருக்கும் தெரியாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து ஆடிட்டர் நடந்து பழகியிருந்தார். வலி உயிர் போயிற்று. ஒரு தடவையாவது அந்தக் கடைக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

கடைக்காரர் உள்ளே வந்ததும், "இங்க பாருய்யா" என்று எழுந்து நின்றார். ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார்.

கடைக்காரர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்னய்யா, அழறியா?"

"இல்ல சார். எதிர்பார்க்கவே இல்ல."

"சீக்கிரமே கடைக்கு வர்றேன். புதுசா மூட்டை ஏதாவது வந்திருக்கா?"

"பெரிய சரக்கு ஒண்ணு வர வேண்டியது சார். தள்ளிக்கிட்டே போகுது."

"வரும்யா, எங்க போயிடப் போகுது? நான் இல்லாம பிரிச்சிடாதே."

கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். வழக்கமாக உட்காரும் நேரம்கூட உட்காரவில்லை, கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். நமக்காக இப்படி உருகிப்போகிறானே என்று ஆடிட்டருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இன்றைக்காவது அவனை வாசல்வரை போய் வழியனுப்ப வேண்டும் என்று தோன்றியது. சுவரைப் பிடித்தபடி மெல்லக் கூடத்துக்கு வந்தார். வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. வெளியே கடைக்காரர் குரல் தழுதழுத்தது. தான் நடந்த சேதியைத்தான் மகளிடம் சொல்கிறான் என்று சிரித்துக்கொண்டே கதவில் கை வைத்தார்.

"இந்தப் புத்தகம் எல்லாத்தையும் காலேஜ் லைப்ரரிக்கு மொத்தமா பேசி முடிச்சுட்டேன்மா. அவங்க என் உயிரை எடுக்கிறாங்க."

"மெதுவா பேசுங்க. அப்பா முழிச்சிட்டுத்தான் இருக்காரு."

"ரெண்டே மாசம்னுதானேம்மா சொன்னீங்க?"