பட்டையைக் கழற்ற மறந்தவன்

எலியின் கழுத்துப்பட்டையைக் கழற்றாமலே சூசையப்பன் அதை அடித்துவிட்டான். அந்தத் தென்னந்தீவில் தேங்காய்களைக் கடித்து அழிக்கும் பூனைப் பருமனுள்ள மர எலியைப் பிடித்தால், அது நினைப்பதை மனிதப் பேச்சாக்கும் பேச்சுப் பட்டையைக் கழுத்தில் மாட்டி, குட்டிகள் இருக்கும் பொந்து எங்கே என்று கேட்டுவிட்டு, பட்டையைக் கழற்றிய பிறகுதான் கொல்ல வேண்டும்.

கொசுவை அடித்தாலே மன்னிப்புக் கேட்கிற ஆள் அவன். பத்து வருடமாக மேஸ்திரி லூர்தம்மாவிடம், "அக்கா, இதுங்களுக்கு வலிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

"உனக்குக் கை வலிச்சா சொல்லு, தைலம் தர்றேன்" என்பாள் அவள்.

இன்றைய அடி முதுகெலும்பை முறித்திருந்தது. எலி பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, மணலெல்லாம் ரத்தமாக, நகரப் பார்த்தது. சூசையப்பன் பதறிப்போய்த் தடியை மறுபடி ஓங்கினான்.

பட்டை பேசியது.

"ரொம்ப வலிக்குது. இந்தத் தடவை தலையில அடி."