ஆறு பேரும் கீழே

"ஆறு பேருமே போயிட்டாங்க, கண்மணி. உடம்பைக்கூட மேல கொண்டுவர ஆளில்ல."

சுப்புராஜ் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் சரிந்தான். வெளியே துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சோலையம்மாள் பதறி ஓடி வந்தாள்.

"ஆத்தாடி! எந்தப் பாறையில விழுந்தாங்க? போலீசுக்குச் சொல்லியாச்சா?"

"அதெல்லாம் இல்லக்கா," என்றாள் கண்மணி. "ஸ்கூல் கம்ப்யூட்டர்ல ஒரு வெளையாட்டு வெளையாடுவாருல்ல, அதுக்குள்ள."

"அட, வெளையாட்டா! நான் ஈரக்குலை நடுங்கிப் போயில்ல வந்தேன்." சோலையம்மாள் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள். கண்மணி சிரிக்கவில்லை.

சுப்புராஜ் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்ட். மனைவி கண்மணிக்கு அங்கேயே துணி வெளுக்கும் இடத்தில் வேலை. அமெரிக்காவிலிருந்து வந்த சயன்ஸ் வாத்தியார் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். கேள்வித்தாள்களை டைப் அடித்துக் கொடுத்த நன்றிக்காக, நாலு மணிக்குமேல் அதில் விளையாடச் சொல்லி சுப்புராஜை விட்டிருந்தார்.

கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளால் ஆன ஒரு சுரங்கம். ஆறு பேரை நடத்திக்கொண்டு தளம் தளமாகக் கீழே இறங்க வேண்டும். நடக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிவதுதான் திரையிலும் தெரியும்: எதிரே சுவர், திரும்பினால் இருட்டு. கதவு வந்தால் ஒரு கீயைத் தட்டித் திறக்கலாம்; உள்ளே பூதங்கள் காத்திருக்கும். அடிகளை எண்ணி, வழியை நாமே கிராஃப் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். செத்தால் அந்த நிமிஷமே டிஸ்க்கில் பதிந்துவிடும், அழிக்க முடியாது.

அந்தக் கறார்தான் அவனுக்குப் பிடித்திருந்தது. எந்தத் தேதியில் எந்தக் கப்பல், எந்த ஊரில் குடியிருப்பு என்று, சிலோனிலிருந்து அவனை அனுப்பியபோது எல்லாவற்றையும் யார் யாரோ முடிவு செய்தார்கள். இங்கே ஓர் அடி எடுத்து வைத்தாலும் அது அவன் வைத்த அடி. கவனமாக இருந்தால் பிழைக்கலாம்.

ஆறு பேருக்கும் அவன் வைத்தவை சொந்தப் பெயர்கள். பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்ட அண்ணன் பொன்னுச்சாமி, அண்ணி சிவபாக்கியம், அவர்களுடைய நாலு பிள்ளைகள். போன வருஷம் ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து கடிதம் இல்லை. பதினைந்து மாதமாக அவன் மனுப் போடாத ஆபீஸ் இல்லை. ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை.

அன்று ஆறாம் தளத்தில், ஒரு மூடிய கதவின் முன்னால் அவர்கள் நின்றிருந்தபோது பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். அவசரமாக ஒரு லெட்டர். அடித்துக் கொடுத்துவிட்டு இருபது நிமிஷத்தில் ஓடி வந்தான். ஆறு பெயர்களுக்கும் நேரே 'இறந்தார்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கண்மணி வழக்கம்போலக் கொண்டுவந்து வைத்திருந்த டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

மீட்க ஒரே ஒரு வழி உண்டு. புது ஆட்களைத் தயார் செய்து, அதே இடத்துக்கு இறங்கிப் போய், உடல்களைத் தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டும். அந்த விளையாட்டு ஊரின் கோயிலில் உயிர் கொடுப்பார்கள்.

மூன்று வாரம் ஆட்களை இறக்கினான். புது ஆட்கள் இரண்டாம் தளத்திலேயே விழுந்தார்கள். தப்பியவர்கள் நாலாம் தளத்தில் விழுந்தார்கள். முன்பெல்லாம் "சோலியத்த சோலி" என்று முணுமுணுக்கும் கண்மணி, இப்போது தினமும் வேலை முடிந்ததும் வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"கிட்டப் போயிட்டீங்களா?"

"இன்னும் ரெண்டு தளம் கெடக்கு."

"கொஞ்சம் வெரசாப் போங்களேன்."

"வெரசாப் போனா இவங்களும் செத்துருவாங்க, புள்ள."

வெள்ளிக்கிழமை வாத்தியார் ஒரேயடியாக அமெரிக்காவுக்குக் கிளம்பினார். கம்ப்யூட்டரும் அவரோடு போகிறது. ஜீப் வர ஒரு மணி நேரம் இருந்தது. அதையும் சுப்புராஜுக்கே கொடுத்தார்.

முதல் முறையாக ஐந்தாம் தளத்தின் கடைசிப் படிக்கட்டு வரை போய்விட்டான். நாலு பேர் இரண்டானார்கள். இரண்டு பேர் ஒருவரானார்கள். அந்த ஒருவரும் படியில் கால் வைக்குமுன் விழுந்தார். வாத்தியார் அவன் தோளைத் தொட்டுவிட்டு ஸ்விட்சை அணைத்தார். பச்சைக் கோடுகள் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தன.

ஜீப் மூடுபனிக்குள் இறங்கிப் போன பிறகும் இருவரும் கேட் பக்கத்திலேயே நின்றார்கள். அவன் கையில் கிராஃப் தாள்கள் ஈரத்தில் நமுத்துக்கொண்டிருந்தன.

"என் தப்பு, கண்மணி," என்றான். "அப்படியே நிப்பாட்டிட்டு வந்திருக்கக் கூடாது. அங்கயும் இப்படித்தான விட்டுட்டுக் கப்பல் ஏறினேன்."

"ஒங்க தப்பு இல்லைங்க."

"வேற யாரு தப்பு? சொல்லு, வேற யாரு தப்பு?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு டீ வைக்க வந்தப்ப, வீட்டுக்குள்ள போகட்டும்னு நாந்தாங்க கதவைத் தொறந்துவிட்டேன்."