சாவி பாவாயியிடம் இருந்தது

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நல்ல நேரம் பார்த்து, இளம்பிள்ளைச் சேலை வியாபாரி ராசப்பன் தன் புதுக் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டி சுவிட்சைப் போட்டார்.

உள்ளே காற்றாடி சுற்றியது. அவ்வளவுதான். திரை கறுப்பாகவே இருந்தது.

1988-ல் அந்தத் தெருவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அது. பந்தல் போட்டு நாற்பது வியாபாரிகளை அழைத்திருந்தார். அவர்கள் அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தார்கள். பிறகு கேசரியைச் சாப்பிட்டு முடித்து, "காத்து நல்லா வருதுங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ராசப்பனுக்கு அந்தப் பாராட்டுதான் பொறுக்கவில்லை. உடனே சேலத்துக்குப் போன் போட்டார். மதியம் ஒரு தகரப் பெட்டியோடு மயிலம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இருபத்து மூன்று வயது, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. முந்தின நாள் பாகங்களைக் கொண்டுவந்து, ஆபீஸ் உள்ளறையில் வைத்துக் கம்ப்யூட்டரைச் சேர்த்து, பிரிண்டரையும் மாட்டிக் கொடுத்தவளும் அவள்தான். போட்டுக் காட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. அது திரும்பி வருவதற்குள் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குக் கிளம்பியிருந்தாள்.

"யாரோ கை வெச்சிருக்காங்க, அம்மிணி. ஆளை மட்டும் கண்டுபுடிச்சுக் குடு. மிச்சத்தை போலீசு பாத்துக்கும்" என்றார் ராசப்பன்.

"ரூம் சாவி யாருகிட்ட இருந்துச்சுங்க?"

ராசப்பன் திரும்பி, டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாவாயியைப் பார்த்தார்.

பதினெட்டு வருஷமாக பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகிற கடிதங்களை அடிப்பவள் பாவாயி. காலையில் ஆபீசைத் திறப்பவளும் அவள்தான். "கம்ப்யூட்டர் வந்தா டைப் மிஷினை எடைக்குப் போட்டரலாம்" என்று போன வாரம் ராசப்பன் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். பாவாயியை என்ன செய்வதாக உத்தேசம் என்று சொல்லவில்லை.

மயிலம்மாள் வேலையைத் தொடங்கினாள். முதலில் பிளக்கைப் பார்த்தாள். பிறகு மீட்டரை வைத்து, கரண்ட் சரியாக இறங்குகிறதா என்று பார்த்தாள், இறங்கியது. திரைக்கான அட்டையைக் கழற்றி, பெட்டியிலிருந்து வேறொன்றைப் பொருத்தினாள். கறுப்பு. மற்ற அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் போட்டாள்.

"பீப்புன்னு ஒரு சத்தம் வந்தாப் போதுங்க. உசிரு இருக்குன்னு அர்த்தம்."

ராசப்பன் காதைக் கொண்டுபோய்ப் பெட்டிமேல் வைத்தார். காற்றாடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கடைசியில் அடியில் இருந்த பெரிய அட்டைதான் மிச்சம். அதில் கரப்பான்பூச்சிகள் வரிசையாக நிற்பதுபோல் மெமரி சில்லுகள். மயிலம்மாள் டார்ச்சை அடித்துக் குனிந்தாள். முதல் வரிசையில் அவள் கை நின்றது. முகம் வெளுத்தது. சட்டென்று அந்த இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள்.

"என்ன அம்மிணி?"

"கொஞ்ச நேரம் வெளியில இருங்க. அந்த அக்காகிட்ட நான் தனியாப் பேசோணும்."

ராசப்பனுக்குப் புரிந்துவிட்டது. பற்களைக் கடித்துக்கொண்டு வெளியே போனார். "போலீசுக்குச் சொல்லியுடட்டுமா?" என்று வாசலிலிருந்தே கேட்டார்.

கதவு சாத்தியதும் மயிலம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, காத்தால நீங்க இதைத் தொட்டீங்களா?"

பாவாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் சாமி. பொறத்தால இருந்த பட்டை ஒயரைப் புடுங்கிப்போட்டேன். அப்புறம் பயந்துக்கிட்டு மறுக்காச் சொருகி வெச்சேன். சரியா ஏறலையாட்ட இருக்குது. பையன் காலேசுல ரெண்டாவது வருசம் படிக்கறான். இந்த வேலை போச்சுன்னா நான் எங்கே போவேன்?"

"எந்த ஒயருங்க?"

பாவாயி காட்டினாள். மயிலம்மாள் அதைப் பார்த்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அழுகாதீங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

தகரப் பெட்டியிலிருந்து ஒரு புதுச் சில்லை எடுத்து மாற்றினாள். அட்டைகளைத் திரும்பப் பொருத்தினாள். ராசப்பனைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே சுவிட்சைப் போடச் சொன்னாள்.

பீப்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வரிசையாக இறங்கின. ராசப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆளு யாரு அம்மிணி?"

"யாரும் இல்லீங்க. வோல்டேஜ் எகிறி ஒரு சில்லு எரிஞ்சு போச்சு. அப்புறமுங்க, இதை ஓட்டறதுக்கு டைப் தெரிஞ்சவங்கதான் வேணும். அக்காவையே உக்கார வெச்சுருங்க. ஒரு வாரத்துல நான் பழக்கி உட்டுடறேன்."

ராசப்பன் கொஞ்சம் யோசித்தார். புது ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை என்று தோன்றியதும் தலையாட்டினார்.

பாவாயி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாள். இரண்டு முழம் மல்லிகை வாங்கி, மயிலம்மாள் தடுக்கத் தடுக்க அவள் தலையில் வைத்துவிட்டாள்.

"எம் பொழப்பைக் காப்பாத்திக் குடுத்துட்டே கண்ணு. நான் பண்ணுன பாவத்தை உம் மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டியே. உன்னையாட்டம் நல்ல மனசு யாருக்கு வரும்?"

மயிலம்மாள் சேலம் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தலையிலிருந்த மல்லிகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

பாவாயி பிடுங்கியது, இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் ஓடக்கூடிய பிரிண்டர் ஒயர். முதல் வரிசைச் சில்லைத் தலைகீழாகச் சொருகி எரித்தது, முந்தின நாள் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அவசரப்பட்ட மயிலம்மாள்.